இரத்தப் புரதங்களின் ஆக்சிஜனேற்றச் சேதம்: அளவீட்டின் வரலாறு

ஆக்சிஜனிலிருந்து உருவாகும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள் இரத்தத்திலுள்ள புரதங்களைத் தாக்கி அவற்றின் வேதி அமைப்பை மாற்றிவிடுவது, இரத்தப் புரதங்களின் ஆக்சிஜனேற்றச் சேதம் எனப்படும். நாள்பட்ட தேங்காய் எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதற்குக் காரணமான வினைக்கும் இதற்கும் நெருங்கிய உறவுண்டு. இந்தச் சேதத்தின் அளவை ஒரு குழாய் இரத்தத்திலிருந்து அறிந்து, அதைக் கொண்டு ஒருவருடைய உடல்நிலையைக் கணிக்க முடியுமா என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. நோயையோ நோய்க்கான வாய்ப்பையோ காட்டும் இத்தகைய அளவுகளை உயிரியல் குறிப்பான் என்பர். இரத்தச் சர்க்கரை அளவு அப்படிப்பட்ட ஒன்று. ஆக்சிஜனேற்றச் சேதம் இன்னும் அந்த இடத்தைப் பெறவில்லை. சேதம் உண்மையானது என்பதில் ஐயமில்லை. அதை நம்பத்தக்க ஓர் எண்ணாக மாற்றுவதுதான் கடினமாக இருந்தது.

இரத்தப் புரதங்களைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. மூளையிலிருந்தோ இதயத்திலிருந்தோ திசு எடுத்துச் சோதிப்பது எளிதன்று. இரத்தம் எடுப்பது எளிது. மேலும், ஆக்சிஜனேற்றம் செய்யும் மூலக்கூறுகளில் பல நொடியின் சிறு பகுதிக்குள் மறைந்துவிடும். அவற்றை நேரடியாகப் பிடிக்க இயலாது. ஆனால் அவை விட்டுச் செல்லும் தழும்பு புரதத்தில் தங்கிவிடும். பிளாஸ்மாவில் மிகுதியாக உள்ள ஆல்புமின் புரதத்தின் பாதி அளவு சிதைந்து புதிதாக மாறுவதற்கு ஏறத்தாழ 20 நாட்கள் ஆகின்றன. சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின் அந்த அணுவோடு சுமார் 120 நாட்கள் வாழ்கிறது. ஆகவே இப்புரதங்கள் கடந்த சில வாரங்களின் நிகழ்வுகளைப் பதிந்து வைத்திருக்கும் நாட்குறிப்பு போன்றவை.

சிவப்பணுவில் தெரிந்த புள்ளிகள்

இந்த வரலாற்றை 1890-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1875-இல், ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் பீனைல் ஹைட்ரசீன் என்ற சேர்மத்தைக் கண்டறிந்திருந்தார். சர்க்கரைகளின் அமைப்பை அவர் ஆராய்ந்து தெளிந்தது இந்தச் சேர்மத்தின் துணையோடுதான். அதே சேர்மம் அவருடைய உடல்நலத்தையும் கெடுத்தது. அதன் உறவுச் சேர்மம் ஒன்று 1880-களின் இறுதியில் காய்ச்சல் மருந்தாகப் பயன்படுத்தப்பட்டு, இரத்தத்தை அழிப்பது தெரியவந்ததால் கைவிடப்பட்டது.

இவ்வகைச் சேர்மங்களால் நஞ்சேறிய இரத்தத்தை ராபர்ட் ஹைன்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்தார். சிவப்பணுக்களின் உள்ளே, ஓரத்தை ஒட்டி, சிறு சிறு உருண்டைகள் தெரிந்தன. ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்து, கரையும் தன்மையை இழந்து திரண்டுவிட்ட ஹீமோகுளோபினே அவை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இன்றும் அவை ஹைன்ஸ் உருண்டைகள் என்றே அழைக்கப்படுகின்றன. இரத்தப் புரதம் ஒன்றின் ஆக்சிஜனேற்றச் சேதம் மனிதக் கண்ணுக்குத் தெரிந்த முதல் நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

அந்த உருண்டைகளை எண்ணிப் பயன்கொள்ளும் தேவை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. மலேரியா மீண்டும் மீண்டும் தாக்குவதைத் தடுக்கும் பிரைமாகுயின் என்ற மருந்தை அமெரிக்கா உருவாக்கியபோது, பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொண்ட அந்த மருந்து சிலருடைய சிவப்பணுக்களை மட்டும் உடைத்தது. ஆப்பிரிக்க வழி வந்த அமெரிக்கர்களிடையே இது கூடுதலாகக் காணப்பட்டது. காரணத்தைத் தேடிய சிகாகோ பல்கலைக்கழகக் குழு, இல்லினாய் மாநிலத்திலுள்ள ஸ்டேட்வில் சிறைச்சாலையில் கைதிகள் மீது ஆய்வு நடத்தியது. கைதிகள் தாமாகவே முன்வந்தார்கள் என்று கூறப்பட்டது. ஆனால் சிறைக்குள் இருப்பவரின் ஒப்புதலை எந்த அளவுக்கு ஒப்புதலாகக் கொள்ளலாம் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியூரம்பர்க் விசாரணையில் நாஜி மருத்துவர்களின் தரப்பு இந்தச் சிறைச்சாலை ஆய்வைச் சுட்டிக்காட்டி வாதிட்டது. இந்த அறிவியல் முன்னேற்றத்தைப் படிக்கும் மாணவர்கள் அது நடந்த இடத்தையும் சேர்த்தே நினைவில் வைப்பது நல்லது.

அக்குழு கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்ட சிவப்பணுக்களை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஏற்றிப் பார்த்தது. பாதிக்கப்படுபவரின் அணுக்கள் பிறர் உடலுக்குள் சென்றாலும் மருந்தால் உடைந்தன. ஆகவே குறை உடலிலோ மருந்திலோ இல்லை, அணுவுக்குள்ளேயே இருந்தது. 1955-இல் எர்னஸ்ட் பாய்ட்லரும் அவருடைய தோழர்களும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். இரத்தத்துடன் அசிட்டைல் பீனைல் ஹைட்ரசீனைச் சேர்த்துச் சிறிது நேரம் வைத்து, ஹைன்ஸ் உருண்டைகளை எண்ணுவதே அச்சோதனை. இயல்பான அணுக்களில் ஒன்றிரண்டு பெரிய உருண்டைகள் தோன்றும். பாதிக்கப்படும் அணுக்களில் பெரும்பாலானவற்றில் ஐந்தும் அதற்கு மேலும் தோன்றும். மருந்து கொடுப்பதற்கு முன்பே ஆபத்தைச் சொல்லிவிடக்கூடிய சோதனை இது.

மறு ஆண்டே, 1956-இல், அதே குழுவைச் சேர்ந்தோர் உண்மையான குறையைக் கண்டுபிடித்தனர். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி அந்த அணுக்களில் குறைவாக இருந்தது. ஆக்சிஜனேற்றத்திலிருந்து ஹீமோகுளோபினைக் காக்கும் குளுட்டாதயோனை மீண்டும் மீண்டும் புதுப்பித்துத் தருவதற்கு இந்த நொதி வேண்டும். இதன் பின்னர் மருத்துவம் உருண்டைகளை எண்ணுவதை விட்டுவிட்டு நொதியை அளக்கத் தொடங்கியது. உருண்டைகளை எண்ணுவது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. நொதியின் வேகத்தை எந்த ஆய்வகமும் ஒரே முறையில் அளக்கலாம். 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாஃபெனோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுப்பதற்கு முன் இன்றும் இந்த நொதிச் சோதனை கட்டாயம். சேதத்தை அளப்பதை விடச் சேதத்தின் காரணத்தை அளப்பது எளிதாக அமைந்த அரிய நிகழ்வு இது. பிற நோய்களில் இத்தகைய நல்வாய்ப்பு அமையவில்லை.

தனி உறுப்புகள் பற்றிய கருத்து

இரட்டை சேராத எலக்ட்ரானைக் கொண்ட அணுக்கூட்டம் தனி உறுப்பு எனப்படும். கரிமச் சேர்மங்களில் அது தனித்து இருக்க முடியும் என்பதை 1900-இல் மோசஸ் கோம்பர்க் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் காட்டினார். 1954-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மன், மிகுதியான ஆக்சிஜனும் எக்ஸ் கதிர்வீச்சும் உடலைத் தாக்கும் வழி ஒன்றே என்று எழுதினார். இரண்டிலும் தாக்குவது தனி உறுப்புகளே என்பது அவர் கருத்து. 1956-இல் டென்ஹாம் ஹார்மன் முதுமைக்கே இதுதான் காரணம் என்றார். நெடுநாள் இவற்றைப் பலர் பொருட்படுத்தவில்லை.

நிலைமையை மாற்றியது இரத்தத்திலிருந்தே கிடைத்த ஒரு புரதம். 1938-இல் கேம்பிரிட்ஜில் மானும் கெய்லினும் மாட்டு இரத்தத்திலிருந்து செம்பு கொண்ட புரதம் ஒன்றைப் பிரித்திருந்தனர். அதன் வேலை என்னவென்று முப்பது ஆண்டுகள் தெரியவில்லை. 1969-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃபிரிடோவிச்சும் அவருடைய ஆய்வு மாணவர் ஜோ மெக்கார்டும், சூப்பராக்சைடு என்னும் தனி உறுப்பை அழிக்கும் நொதியே அது என்று காட்டினர். தனி உறுப்பை அழிப்பதற்கென்றே உடல் ஒரு நொதியை வைத்திருக்கிறது என்றால், தனி உறுப்பு உடலில் உண்டாகிறது என்பதில் ஐயம் ஏது?

ஒரே ஓர் அமினோ அமிலம்

புரதத்தின் ஒரு சிறு இடத்தில் ஏற்படும் ஆக்சிஜனேற்றம் எவ்வளவு கேட்டை விளைவிக்கும் என்பதற்கு ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் சிறந்த எடுத்துக்காட்டு. பிளாஸ்மாவில் உள்ள இப்புரதம், வெள்ளணுக்கள் வெளியிடும் எலாஸ்டேஸ் என்ற நொதி நுரையீரலைத் தின்றுவிடாமல் தடுக்கிறது. இப்புரதம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இளவயதிலேயே நுரையீரல் நைந்துபோகும் எம்ஃபிசீமா நோய் வருவதை 1963-இல் சுவீடனில் லாரெலும் எரிக்சனும் அறிவித்தனர். அப்படியானால், பிறவிக் குறை இல்லாத புகைப்பிடிப்போருக்கும் அதே நோய் ஏன் வருகிறது?

1979-இல் ஜான்சனும் டிராவிஸும் இதற்கான விடையின் முக்கியப் பகுதியைத் தந்தனர். இப்புரதத்தின் செயல் மையத்தில் ஒரு மெத்தியோனின் உள்ளது. அதனுடன் ஆக்சிஜன் அணு ஒன்று சேர்ந்துவிட்டால் எலாஸ்டேஸைத் தடுக்கும் ஆற்றல் போய்விடுகிறது. சிகரெட் புகையில் உள்ள பொருள்கள் இதைச் செய்ய வல்லவை என்பதை வேறு ஆய்வுகள் காட்டின. இரத்தத்தில் புரதத்தின் அளவு குறைந்திருக்காது. எடை பார்த்தால் சரியாகவே இருக்கும். வேலை மட்டும் நடக்காது. ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் போதாது, அது என்ன நிலையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

பெதஸ்டாவில் பிறந்த முறை

இன்று மிகப் பரவலாகப் பயன்படும் அளவீட்டு முறை, மனித இரத்தத்தை ஆராய்ந்த இடத்தில் பிறக்கவில்லை. அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களில் ஏர்ல் ஸ்டாட்மன் பாக்டீரியாவை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் மனைவி தெரசா ஸ்டாட்மனும் அங்கேயே புகழ்பெற்ற உயிர்வேதியியலாளர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரவுனும் ஸ்டான்லி புரூசினரும் ஏர்ல் ஸ்டாட்மனிடம் பயின்றவர்கள்.

குளுட்டமின் சிந்தடேஸ் என்ற நொதியைப் பாக்டீரியா எவ்வாறு அழிக்கிறது என்பதே அந்த ஆய்வகத்தின் கேள்வி. ராட்னி லெவின், ஸ்டாட்மன் முதலியோர் 1981-இல் வெளியிட்ட விடை எதிர்பாராதது. செல், நொதியைத் துண்டு துண்டாக வெட்டுவதற்கு முன்பே ஆக்சிஜனேற்றம் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்திருந்தது. அதாவது, வெட்டப்பட வேண்டிய புரதத்துக்கு ஆக்சிஜனேற்றமே முத்திரை குத்துகிறது. செயலிழந்த நொதியை நுணுகி ஆராய்ந்தபோது அதில் ஒரு ஹிஸ்டிடின் சிதைந்திருந்தது. கார்பனைல் தொகுதி புதிதாகத் தோன்றியிருந்தது.

கார்பனைல் தொகுதி என்பது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த அமைப்பு. ஆல்டிஹைடு, கீட்டோன் பாடத்தைப் படித்தவர்களுக்கு இது பழகிய ஒன்று. அந்தப் பாடத்தில் வரும் சோதனைதான் இங்கும் கைகொடுத்தது. 2,4-டைநைட்ரோ பீனைல் ஹைட்ரசீன் கரைசலை ஆல்டிஹைடுடனோ கீட்டோனுடனோ சேர்த்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வீழ்படிவு தோன்றும். 1926-இல் பிரேடியும் எல்ஸ்மியும் இதைச் சோதனைக் கரைசலாக அறிமுகம் செய்தார்கள். பிரேடியின் கரணி என்று இன்றும் பெயர். பெயரைக் கூர்ந்து படித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஹைன்ஸ் கண்ட சேதத்தை உண்டாக்கிய பீனைல் ஹைட்ரசீனின் வழித்தோன்றல் இது. ஒரு நூற்றாண்டுக்கு முன் இரத்தப் புரதத்தைக் கெடுத்த குடும்பமே இப்போது கேட்டை அளக்கும் கருவியாக வந்து நின்றது.

முறை இதுதான். புரதக் கரைசலுடன் அமிலத்தில் கரைத்த இந்தக் கரணியைச் சேர்ப்பார்கள். அது கார்பனைல் தொகுதிகளுடன் இணையும். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் புரதத்தை வீழ்படிவாக்கி, எத்தனாலும் எத்தில் அசிட்டேட்டும் கலந்த கலவையால் பலமுறை கழுவி, இணையாமல் எஞ்சிய கரணியை நீக்குவார்கள். பிறகு வீழ்படிவை குவானிடினில் கரைத்து, ஏறத்தாழ 370 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்று அளப்பார்கள். லெவினும் மற்றவர்களும் 1990-இல் வெளியிட்ட இந்த விரிவான செய்முறையை உலகெங்கும் ஆய்வகங்கள் பின்பற்றின. அதற்குச் சற்று முன், 1987-இல், வெவ்வேறு வயதினரின் தோலிலிருந்து வளர்த்த செல்களில் கார்பனைல் அளவு வயதோடு ஏறுவதை இதே குழு காட்டியிருந்தது. விரைவில் முதுமை தோன்றும் அரிய நோய்கள் கொண்டோரின் செல்களில் இளம் வயதிலேயே அது மிகுந்திருந்தது. முதுமையை அளக்கக் கருவி கிடைத்துவிட்டது என்ற ஆர்வம் பரவியதில் வியப்பில்லை.

ஆனால் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இடர்ப்பாடு புரியும். ஒரு மில்லிகிராம் ஆல்புமினில் சுமார் 15 நானோமோல் மூலக்கூறுகள் உள்ளன. அதே ஒரு மில்லிகிராமில் கார்பனைல் அரை நானோமோல் இருப்பதாகக் கொண்டால், முப்பது மூலக்கூறுகளுக்கு ஒன்றில்தான் தழும்பு இருக்கிறது என்று பொருள். இருபத்தொன்பது நல்ல மூலக்கூறுகளுக்கு நடுவே ஒன்றைத் தேடும் வேலையில் சிறு அழுக்கும் பெரும் பிழையாகும். கழுவுதலில் கரணி சிறிதளவு தங்கிவிட்டால் அளவு கூடும். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் கலந்தால், அதன் நிறமும் அதே ஒளியை உட்கவரும். திசு மாதிரிகளில் நியூக்ளிக் அமிலங்கள் கலந்தாலும் அளவு உயரும். மிகுதியாகக் கழுவினாலோ, புரதமே போய்விடும்.

இரத்தத்துக்கு வந்த முறைகள்

1990-களில் இந்த ஆய்வு மருத்துவமனைகளை எட்டியது. கரணி இணைந்த புரதத்தை இனம் காணும் எதிர்ப்பொருள்களைப் பயன்படுத்தி, எந்தப் புரதம் சேதமடைந்தது என்று தனித்தனியே பார்க்க முடிந்தது. பிளாஸ்மாவை ஆக்சிஜனேற்றத்துக்கு உள்ளாக்கி எமிலி ஷாக்டரின் குழு 1994-இல் செய்த ஆய்வில், இரத்தம் உறைவதற்கு உதவும் ஃபைப்ரினோஜன் ஆல்புமினை விட எளிதில் சேதமடைந்தது. 1997-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கிறிஸ்டின் விண்டர்போர்னின் குழு, கார்பனைலை எலிசா முறையில் அளக்க வழி கண்டது. எலிசாவுக்கு மிகக் குறைந்த புரதமே போதும். ஒரே நேரத்தில் பல மாதிரிகளைச் சோதிக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் பிளாஸ்மாவில் நோயின் தொடக்கத்திலேயே கார்பனைல் உயர்வதை அதே குழுவினர் 2000-இல் எழுதினர்.

பாரிஸ் ஆய்வாளர்கள் வேறொரு வழியில் சென்றனர். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோரின் பிளாஸ்மாவில், 340 நானோமீட்டரில் ஒளியை உட்கவரும் ஆக்சிஜனேற்றப் புரதப் பொருள்கள் மிகுந்திருப்பதை 1996-இல் விட்கோ-சார்சாட்டும் சக ஆய்வாளர்களும் கண்டனர். எளிய, மலிவான முறை என்பதால் அது விரைவில் பரவியது. பிறகு, இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மிகுந்திருந்தாலும் அதே எண் உயரும் என்பது தெரியவந்தது. கொழுப்பு கூடியதா, சேதம் கூடியதா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. மலிவான முறைக்கு இப்படி ஒரு விலை இருந்தது.

ஆல்புமினிலேயே இன்னொரு குறி இருந்தது. அதன் 585 அமினோ அமிலங்களில் 34-ஆவதாக உள்ள சிஸ்டைன் மட்டும் எதனோடும் இணையாமல் தன் கந்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறது. ஆக்சிஜனேற்றத்தின்போது முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் அதுதான். ஹார்வர்டில் வால்டர் ஹியூஸ் 1947-இலேயே, இந்தத் திறந்த கந்தகத்தில் பாதரசத்தைப் பிணைத்து அவ்வகை ஆல்புமினைப் படிகமாகப் பிரித்திருந்தார். போர்க்களத்தில் காயமுற்றோருக்குத் தர மனிதப் பிளாஸ்மாவைப் பகுதி பகுதியாகப் பிரித்த பெரும் திட்டத்தின் தொடர்ச்சி அது. 1959-இல் ஜார்ஜ் எல்மன் உருவாக்கிய கரணி, திறந்த கந்தகம் இருந்தால் மஞ்சளாகும். 1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் திறந்த வகையையும் மூடிய வகையையும் நிறப்பிரிகை முறையில் தனித்தனியே பிரித்தனர். ஆரோக்கியமான இளைஞர்களிடம் திறந்த வகையே பெரும்பான்மை. வயது ஏறும்போதும், சிறுநீரக நோயிலும், கல்லீரல் சுருங்கும் சிரோசிஸ் நோயிலும் மூடிய வகை கூடுகிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் காட்டியதுபோல், இவ்வாறு மாறிய ஆல்புமின் சில பொருள்களை ஏந்திச் செல்லும் திறனிலும் வேறுபடுகிறது.

மாத்திரைகள்

ஆய்வகங்கள் இவ்வாறு உழைத்துக்கொண்டிருந்தபோதே, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகள் சந்தைக்கு வந்துவிட்டன. காய்கறியும் பழமும் மிகுதியாக உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு. அவர்கள் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடுதல். ஆகவே பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் புற்றுநோய் குறையும் என்று கருதினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் 28 விழுக்காடு கூடியதால், 1996-இல் அதை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இந்த ஆய்வுகளில் மாத்திரை இரத்தத்தை அடைந்ததா என்பதை அளக்க முடிந்தது. கரோட்டின் அளவு உயர்ந்தது. ஆனால் உடலில் ஆக்சிஜனேற்றச் சேதம் உண்மையில் குறைந்ததா, மாறாமல் இருந்ததா, கூடியதா என்று சொல்லும் நம்பகமான அளவுகோல் கையில் இல்லை. வெப்பமானி இல்லாமல் காய்ச்சல் மருந்தைச் சோதிப்பது போன்றது அது. பல்லாயிரம் பேர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்ட பிறகு, புற்றுநோய்களை எண்ணித்தான் விடை தெரிந்தது.

அளவுகோல்களைச் சோதித்தல்

அளவுகோல்களில் எது நம்பத்தக்கது என்று பார்க்க, அமெரிக்கச் சுற்றுச்சூழல் சுகாதார அறிவியல் நிறுவனம் ஒரு நேரடிச் சோதனையை நடத்தியது. எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து ஆக்சிஜனேற்றச் சேதத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, பல குறிப்பான்களை ஒரே நேரத்தில் பல ஆய்வகங்களில் அளந்தார்கள். 2005-இல் வெளியான முடிவில், கொழுப்புச் சிதைவைக் காட்டும் ஐசோபுரோஸ்டேன் போன்ற சிலவே தேறின. பிளாஸ்மாப் புரதங்களின் கார்பனைல் தேறவில்லை. கார்பன் டெட்ராகுளோரைடு முதன்மையாகக் கல்லீரலின் கொழுப்பைத் தாக்கும் நஞ்சு என்பதால், இந்த ஒரு சோதனையால் கார்பனைலை முற்றிலும் தள்ளிவிடுவது நியாயமன்று. ஆனாலும், எல்லா வகை ஆக்சிஜனேற்றத்தையும் காட்டும் பொதுக் குறிப்பான் அது என்ற எண்ணத்துக்கு இது பெரிய அடி.

அடுத்த அடி 2015-இல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. எலியின் கல்லீரல் புரதத்தை எடுத்து, ஒரு பகுதியை அப்படியே வைத்து, மற்றவற்றைப் புற ஊதாக் கதிரில் 5 நிமிடமும் 15 நிமிடமும் காட்டி, உலர்த்தி, கார்பனைல் அளப்பதில் பழகிய ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். 5 நிமிடத்தில் சேதம் கூடுவதை எல்லா முறைகளும் காட்டின. 15 நிமிடம் காட்டியதில் சேதம் மேலும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? ஆய்வகங்களில் பாதி, 5 நிமிட மாதிரியை விடக் குறைவாகவே அளந்தன. மிகுதியாகச் சேதமடைந்த புரதத்தை இருக்கும் முறைகள் எதுவும் சரியாக அளக்காமல் போகலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினர். ஒரு நோயாளிக்கு இதை வைத்துப் பார்த்தால் கவலை புரியும்: உடல்நிலை மோசமாகும்போது எண் இறங்கித் தேறிவிட்டதுபோல் தோன்றக்கூடும். எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுவதற்கு, ஒப்பிட்டுப் பார்க்கும் நியமக் கரைசல் ஒன்றாக இல்லாததே முதன்மைக் காரணம் என்றும் அவர்கள் கருதினர்.

சர்க்கரைப் பரிசோதனையின் வழி

நியமம் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஹீமோகுளோபின் ஏ1சி காட்டுகிறது. இதுவும் இரத்தப் புரதத்தில் விழும் தழும்புதான். தழும்பை ஏற்படுத்துவது ஆக்சிஜன் அன்று, சர்க்கரை. 1968-இல் ஈரானின் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர், ஹீமோகுளோபின் வகைகளைச் சோதித்து வரும்போது நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தில் மட்டும் வழக்கத்துக்கு மாறான பட்டை ஒன்றைக் கண்டார். தொடக்கத்தில் இதன் அளவும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறியது. 1993-இல், 1,441 பேரை ஆண்டுக்கணக்கில் கண்காணித்த அமெரிக்க ஆய்வு, இந்த அளவைக் குறைத்து வைத்தால் கண், சிறுநீரகம், நரம்புகளின் கேடு குறையும் என்று நிறுவியது. அதன் பிறகு 1996-இல் அங்கே தரப்படுத்தும் திட்டம் தொடங்கியது. எல்லா ஆய்வகங்களும் தங்கள் எண்ணை அந்த ஆய்வின் எண்ணோடு பொருத்திக்கொண்டன. இன்று சிற்றூர் ஆய்வகத்தில் எடுத்த 6.5 விழுக்காட்டுக்கும் பெருநகர மருத்துவமனையின் 6.5-க்கும் பொருள் ஒன்றுதான். கார்பனைலுக்கு இத்தகைய பொது நியமமும் இல்லை, இந்த எண்ணைத் தாண்டினால் இந்த ஆபத்து என்று நிறுவிய நீண்ட கால ஆய்வும் இல்லை. அது மருத்துவமனையின் வழக்கமான சோதனைப் பட்டியலில் இடம் பெறாததற்கு இவையே காரணம். முழு உடல் பரிசோதனை விளம்பரங்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்ற பெயரில் ஓர் எண் தரப்படுமானால், எந்த முறையில், எந்த நியமத்தோடு ஒப்பிட்டு அளந்தது என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

உறைபெட்டிக்குள் நடப்பது

எல்லா முறைகளுக்கும் பொதுவான இன்னொரு தடை, இரத்தம் உடலை விட்டு வந்த பிறகும் ஆக்சிஜனேற்றம் நிற்பதில்லை என்பது. ஆய்வுகளுக்கான பிளாஸ்மா மாதிரிகள் பல ஆண்டுகள் உறைநிலையில் காத்திருக்கும். பிளாஸ்மாவில் உப்பும் புரதமும் இருப்பதால் அது தண்ணீரைப் போல் 0 பாகையில் முழுதும் உறைந்துவிடுவதில்லை. ஏறத்தாழ கழித்தல் 30 பாகை செல்சியஸுக்குக் கீழேதான் முற்றிலும் உறைகிறது. அதற்கு மேலான வெப்பநிலையில், பார்வைக்குக் கட்டியாக இருந்தாலும், ஆல்புமினின் 34-ஆவது சிஸ்டைன் பிளாஸ்மாவிலுள்ள சிஸ்டீனோடு மெல்ல வினைபுரிந்து மூடிக்கொள்கிறது. நோயாளியின் மாதிரி ஒரு பெட்டியிலும் ஆரோக்கியமானவரின் மாதிரி வேறொரு பெட்டியிலும் இருந்திருந்தால், கண்டுபிடித்த வேறுபாடு நோயினுடையதா பெட்டியினுடையதா என்று சொல்ல இயலாது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாட் போர்ஜஸின் குழு இந்தத் தடையையே பயனுள்ளதாக்கியது. 2019-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், சேமித்த பிளாஸ்மாவில் மூடிய ஆல்புமின் எவ்வளவு என்று முதலில் அளப்பார்கள். பிறகு அதே மாதிரியின் ஒரு பகுதியை உடல் வெப்பநிலையில் வைத்து, இனி மூடிக்கொள்ள முடியாத அளவுக்கு விட்டு, மீண்டும் அளப்பார்கள். இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தால் மாதிரி நன்றாகப் பேணப்பட்டது. வேறுபாடு மிகச் சிறிதானால், அது எங்கோ, எப்போதோ, உறைநிலைக்கு வெளியே நெடுநேரம் கிடந்திருக்கிறது. பதிவேட்டில் கழித்தல் 80 பாகை என்று எழுதியிருந்தாலும் ஆல்புமின் வேறு கதை சொல்லிவிடும். இரத்த மாதிரிகளைச் சேமித்து வைக்கும் வங்கிகள் தங்கள் இருப்பில் எதை ஆய்வுக்குக் கொடுக்கலாம், எதை ஒதுக்க வேண்டும் என்று பிரித்தறிய இந்தச் சோதனை பயன்படும்.